ஜோடியாக விற்கப்படும் கூட்டம்

சென்னைக்கு மேற்கே வண்ண மீன் தேடிப் போகிறவர்கள் நேராகக் கொளத்தூரில் இறங்கி, கடை வரிசையை ஒரு சுற்று சுற்றி, கையில் ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் தொடங்கி, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வழியாகக் கொளத்தூரில் முடிப்பதே முறை என்பது என் கட்சி. மீனைப் பார்ப்பதற்கு முன்னால் அது வாழப்போகும் தண்ணீரைப் பார்த்துவிடலாம். இந்த வழி முழுக்க ஏரியும் கால்வாயும் போர்க் குழாயும் தண்ணீர் லாரியும் மாறி மாறி வருகின்றன. டெட்ரா, டேனியோ, பார்ப், ராஸ்போரா என்று கூட்டமாக வாழும் சிறு மீன்களை வளர்க்க நினைப்பவருக்கு இந்த முப்பது சொச்சம் கிலோமீட்டர் சொல்லும் செய்தி ஒன்றுதான்: இனம் அறியாமல் பராமரிப்பு இல்லை. எந்த இனம் என்று தெரிந்தால்தான் எந்தத் தண்ணீர், எவ்வளவு சூடு, எத்தனை துணை என்பது தெரியும். ஆனால் நம் கடைகளில் மீனை நிறத்தைச் சொல்லிக் காட்டுகிறார்கள், ஜோடிக் கணக்கில் விலை சொல்கிறார்கள். கூட்ட மீன்கள் நம் வீடுகளில் சில வாரங்களிலேயே மடிவதற்கு இந்த இரண்டு வழக்கங்களும் பெரும் காரணம்.

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. அடையாற்றுக்குத் தண்ணீர் தரும் ஏரி. நகரின் குடிநீருக்கும் பெரிய ஆதாரம். கரையோரத்தில் நீர்ச்செடிகள் அடர்ந்த ஆழமில்லாத பகுதிதான் சிறு மீன்களின் இடம். பொடிக் கெண்டைகள், விலாவில் கருங்கோடு ஓடும் ராஸ்போரா, உடலுக்குள் முள் தெரியும் கண்ணாடி மீன், தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தை ஒட்டி நகரும் முண்டக்கண்ணி ஆகியவை சென்னைச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் குட்டைகளுக்கும் சொந்தக்காரர்கள். இவற்றை முறையாகப் பதிவு செய்யும் வேலை இந்த ஊரில் நூறாண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. பி. சுந்தரராஜ் 1916ல் மதராஸின் நன்னீர் மீன்களைப் பற்றி இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் விரிவாக எழுதினார். முண்டக்கண்ணி வகையில் ஒரு சிற்றினத்தை அறிவியலுக்கு முதலில் அறிமுகப்படுத்தியதும் அந்தக் கட்டுரைதான். அப்லோகைலஸ் பார்வஸ் என்ற அந்த மீனின் பெயரோடு இன்றும் அவர் பெயர் சேர்ந்தே எழுதப்படுகிறது. இன்று வெளிநாடுகளில் மீன் வளர்ப்போர் விரும்பித் தேடும் அந்த மீனைச் சொந்த ஊர்க்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்பது அரிது.

கரையில் நின்று இந்தச் சிறு மீன்களைக் கவனித்தால் கூட்டம் என்பதன் பொருள் பிடிபடும். நிழல் விழுந்ததும் நூறு மீன்கள் ஒரே திசையில் திரும்புகின்றன. பக்கத்து மீனைக் கண்ணால் பார்த்தும், உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோட்டால் நீரின் அசைவை அறிந்தும் அவை ஒன்றோடொன்று இசைகின்றன. ஒரே மாதிரியான பல உடல்கள் ஒன்றாக அசையும்போது, கொக்குக்கோ விராலுக்கோ ஒன்றை மட்டும் குறிவைப்பது கடினம். கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மீனுக்கும் பிடிபடும் வாய்ப்பும் குறைகிறது. காவலுக்குக் கண்கள் கூடுவதால் ஒவ்வொரு மீனும் நிம்மதியாக மேயவும் முடிகிறது. இந்தப் பாதுகாப்பு முழுக்க 'ஒரே மாதிரி' என்பதில்தான் இருக்கிறது. கூட்டத்தில் நிறமோ வடிவமோ வேறுபட்ட ஒரு மீன் எதிரியின் கண்ணில் முதலில் படும். ஆகவே தன் இனத்தோடு சேர்வது இவற்றுக்குப் பிழைப்பு. தொட்டியில் கொக்கு இல்லை என்பது நமக்குத் தெரியும். மீனின் உடம்புக்குத் தெரியாது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலை கூவத்தைக் கடந்து பருத்திப்பட்டை எட்டுகிறது. இருபுறமும் மனைகள் வீடுகளாகிவிட்ட பகுதி. குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர் என்பது இங்கே பல வீடுகளின் ஏற்பாடு. மீன் தொட்டிக்குப் போவதும் போர் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் சுண்ணமும் மக்னீசியமும் மிகுதி. வாளியின் உட்புறம் படியும் வெள்ளைப் படலமே சாட்சி. பி.ஹெச். அளவும் பெரும்பாலும் 7.5க்கு மேல். இதனால் மீனுக்கு நேரும் ஆபத்தைப் பலர் உணர்வதில்லை. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் பிறக்கும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று ஓரளவு தீங்கற்றது, மற்றது செவுளை எரிக்கும் நஞ்சு. 25 டிகிரி சூடும் 7 பி.ஹெச்.சும் உள்ள நீரில் நஞ்சு வடிவம் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுதான். 30 டிகிரியும் 8 பி.ஹெச்.சும் ஆனால் அது 7 பங்கைத் தாண்டுகிறது. ஒரே அளவு கழிவு, ஒரே அளவு தொட்டி. ஆனால் ஆவடியின் மே மாதத் தண்ணீரில் நஞ்சு பத்து மடங்குக்கும் மேல். புத்தகத்தில் படித்த ஐரோப்பியக் கணக்குப்படி மீனை அடைத்தால் இங்கே அது எடுபடாது.

இதற்கு வியாபாரிகளிடம் ஒரு பதில் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துப் பண்ணைகளில் இதே உப்புத் தண்ணீரில் பிறந்து வளர்ந்த மீன்கள்தானே, பழகிவிட்டவைதானே என்பார்கள். அதில் பாதி உண்மை. கறுப்பு விடோ டெட்ரா, செர்பே டெட்ரா, டைகர் பார்ப் போன்றவை உள்ளூர் சிமெண்ட் தொட்டிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை. இவற்றை வாங்குகிறவர் ஆர்.ஓ. தண்ணீரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடினத்தன்மை நிலையாக இருந்தால் போதும், வளர்ந்த மீன் தாங்கிக்கொள்ளும். ஆனால் பழக்கம் எல்லாவற்றையும் சமாளிக்காது. செவுள் அம்மோனியாவுக்குப் பழகித் தேறுவதில்லை. சூடு ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவதும் இயற்கையின் விதி: 25 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 8.2 மில்லிகிராம் தங்கும், 30 டிகிரியில் சுமார் 7.5. அதே நேரத்தில் மீனின் மூச்சுத் தேவை கூடிவிடுகிறது. பண்ணையில் பிறந்ததா, கப்பலில் வந்ததா, ஆற்றில் பிடித்ததா என்ற கேள்விக்கும் இனம் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். 'பழகிவிட்டது' என்ற பதிலை ஒப்புக்கொள்வதானாலும் எந்த மீன் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

நிறம் போதாதா, லத்தீன் பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நியானும் கார்டினலும் நேரடி விடை. இரண்டும் விரல் கணு நீள மீன்கள். இரண்டுக்கும் நீலக்கோடு, சிவப்புப் பட்டை. பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, மீனின் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு உடலின் நடுவில் தொடங்கி வால் வரை மட்டும் ஓடினால், முன் வயிறு வெள்ளி நிறமாக இருந்தால் அது நியான் டெட்ரா. சிவப்பு செவுளுக்குக் கீழிருந்தே தொடங்கி வால் வரை முழு நீளமும் ஓடினால் அது கார்டினல் டெட்ரா. நியானை 1936லும் கார்டினலை 1956லும் அறிவியல் பெயர் சூட்டிப் பதிவு செய்தார்கள். நியான் அமேசானின் மேற்பகுதி ஓடைகளைச் சேர்ந்தது. 21 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். கார்டினல் ரியோ நீக்ரோ, ஒரினோகோ ஆறுகளின் வெதுவெதுப்பான நீரைச் சேர்ந்தது; 28 டிகிரியிலும் தெம்பாக இருக்கும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஆவடியில், குளிர்சாதனம் இல்லாத அறைத் தொட்டி 30 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். அங்கே நியானை வாங்கி வைப்பது அதன் ஆயுளைக் கிள்ளுவது. கார்டினலுக்கு அந்தக் கோடையைக் கடக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. சிவப்புப் பட்டை எங்கே தொடங்குகிறது என்ற சிறு வித்தியாசம் மீன் பிழைப்பதையும் சாவதையும் தீர்மானிக்கிறது. இதைப் பெயர்ப் பித்து என்று தள்ளிவிட முடியாது.

ஆவடியிலிருந்து சி.டி.எச். சாலை திருமுல்லைவாயில் வழியாக அம்பத்தூருக்கு வருகிறது. தொழிற்பேட்டையை நம்பிக் குடியேறிய குடும்பங்களின் அடுக்குமாடி வீடுகள், அவற்றின் கீழ்த்தளத்தில் சின்னச் சின்ன மீன் கடைகள். இந்த வீடுகளின் வரவேற்பறைத் தொட்டி பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: இரண்டு டைகர் பார்ப், இரண்டு ஜீப்ரா டேனியோ, இரண்டு விடோ டெட்ரா, இரண்டு நியான், ஒரு ஏஞ்சல் மீன். கடையில் ஜோடிக் கணக்கில் விலை சொல்வதால் வந்த வினை இது. மாலி, கப்பி போன்று ஆணும் பெண்ணுமாக வாங்கும் மீன்களுக்கு ஜோடிக் கணக்கு பொருந்தும். கூட்ட மீனுக்கு ஜோடி என்பது தனிமை. 2010ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு, நியான் டெட்ரா உள்ளிட்ட நான்கு இனத் தொட்டி மீன்களை ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்ற எண்ணிக்கைகளில் வைத்து நடத்தையைக் கவனித்தது. பத்தாக இருந்த நியான்கள் அதிகம் கூடி நீந்தின. திடுக்கிட்டுப் பாய்வது குறைந்தது. டைகர் பார்ப் இரண்டாக இருந்தால் ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும். எட்டு பத்தாக இருந்தால் அதன் சண்டை பெரும்பாலும் தன் கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். குறும்புக்கார மீன் என்று அதன் மேல் சுமத்தும் பழியில் பாதி, விற்ற எண்ணிக்கையைச் சேர்ந்தது.

வேறு வேறு இனம் சேர்ந்தும் கூட்டமாகாதா என்ற கேள்வியும் நியாயமானதுதான். டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ல் ஜீப்ரா மீன்களைக் கொண்டு இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்கள். கோடுள்ள மீன்களோடு வளர்ந்த குஞ்சுகள் கோடுள்ளவற்றையும், கோடில்லாத வகையோடு வளர்ந்தவை கோடில்லாதவற்றையும் நாடின. இளமையில் யாரோடு வளர்ந்ததோ அந்தத் தோற்றமே மீனுக்குச் சொந்தம். ஆக, சிறு வயதிலிருந்தே கலந்து வளர்த்தால் கலப்புக் கூட்டம் உருவாகலாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பண்ணைகளில் ஒரு தொட்டிக்கு ஒரு இனம் என்றே குஞ்சுகள் வளர்கின்றன. அங்கிருந்து வரும் மீன் தேடுவது தன் வகையைத்தான். பத்து மீனுக்கு வசதி ஏது என்பவருக்கும் பதில் எளிது: ஐந்து வகையில் ஜோடி ஜோடியாக வாங்கும் பத்து மீனுக்குப் பதில் ஒரே வகையில் பத்து ஜீப்ராவை வாங்கினால் செலவு கூடாது. கடையில் விலை குறைந்த மீன்களில் ஒன்று அது.

அந்தப் பத்து மீனுக்கு என்ன தேவை என்பதும் அதிக மர்மம் இல்லாத விஷயம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சின்ன மீனுக்கு இவ்வளவா என்று கேட்கக் கூடாது. ஜீப்ரா பக்கவாட்டில் விரைந்து நீந்தும் மீன், அதற்கு உயரத்தைவிட நீளம் முக்கியம். உருண்டைக் கண்ணாடிக் குடுவை இவற்றில் எந்த மீனுக்கும் ஆகாது. பில்டரின் ஸ்பாஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள்தாம் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனை விடுவது அந்த நுண்ணுயிர்கள் இல்லாத தண்ணீரில், நஞ்சில் விடுவது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். மெட்ரோ தண்ணீரானால் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்து குளோரினைப் போக்கலாம். போர் தண்ணீரையும் ஓர் இரவு அப்படியே வைப்பது நல்லது, நிலத்தடியில் சேர்ந்த கரியமில வாயு வெளியேறி ஆக்சிஜன் ஏறும். கோடையில் மூடியைத் திறந்து வலை கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி சுழலவிட்டால் ஓரிரு டிகிரி இறங்கும். மின்வெட்டு வரும் வீடுகளில் பாட்டரி ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

கூட்டத்தை ஒழுங்காக வைத்தவருக்கு ஒரு பலன் உண்டு: நோயைக் கூட்டமே காட்டிக் கொடுக்கும். தனி மீன் மூலையில் ஒதுங்கினால் அது இயல்பா பயமா நோயா என்று சொல்ல வழியில்லை. பத்தில் ஒன்று மட்டும் விலகி நின்று, துடுப்பை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டால் அதை உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். நியான் டெட்ராவில் முதலில் அறியப்பட்ட ஒரு நுண்ணுயிரி நோயில், தசை வெளுத்துத் திட்டாவதற்கு முன்பே மீன் கூட்டத்தை விட்டு விலகுவதுண்டு. பத்தும் சேர்ந்து விடியற்காலையில் நீர்மட்டத்தில் வாய் பிளந்தால் அது மீனின் நோயில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை அல்லது அம்மோனியா ஏறியிருக்கிறது. இரவில் விளக்கு அணைந்ததும் நியானின் நீலம் மங்குவது இயல்பு, அதற்கு மருந்து ஊற்றக் கூடாது. இந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால், நீல மருந்தையும் மஞ்சள் மருந்தையும் குத்துமதிப்பாக ஊற்றும் வழக்கம் தானே குறையும்.

பாடியைக் கடந்து இரட்டேரி வந்தால் கொளத்தூர். தெருவெங்கும் தொட்டிகள், கல், செடி, தீனி, பம்ப். சுற்றியுள்ள கிராமங்களின் பண்ணை மீனும் இறக்குமதி மீனும் இங்கே சந்தித்து நாடெங்கும் போகின்றன. வில்லிவாக்கத்தில் வண்ண மீன்களுக்கென்றே வர்த்தக மையம் கட்ட அரசு முன்வந்ததும் இந்தத் தொழிலின் பலத்தால்தான். பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் என்பதால் இதைக் குறை சொல்லி ஒதுக்குவதில் நியாயமில்லை. தொழில் திருந்துவதே வேண்டும். உதாரணத்துக்குக் கண்ணாடி மீன். செம்பரம்பாக்கத்தில் உடல் தெளிவாகத் தெரிய நீந்தும் அதே இனத்துக்கு ஊசியால் சாயம் ஏற்றி, முதுகிலும் வயிற்றிலும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக விற்பது உலகெங்கும் நடந்த கொடுமை. சாயம் சில மாதங்களில் மங்கிவிடும், ஊசிக் காயத்தோடு வந்த நோய் தங்கிவிடும். ஒளிரும் நிறங்களில் வரும் விடோ டெட்ராவும் ஜீப்ராவும் வேறு கதை. அவை மரபணு மாற்றப்பட்டவையாக இருந்தால் 1989ன் மத்திய அரசு விதிகளின்படி ஒப்புதல் இல்லாமல் இறக்குமதி செய்யவோ வளர்க்கவோ கூடாது. இயல்பான மீன் எப்படி இருக்கும் என்று தெரிந்த வாடிக்கையாளரை இந்த நிறங்கள் ஏமாற்றாது.

இந்த நிலத்தின் சூட்டுக்கும் தண்ணீருக்கும் பொருந்தும் கூட்ட மீன்களில் முதல் வரிசை இந்தியாவின் மீன்கள்தாம். 1822ல் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் விவரித்த ஜீப்ரா டேனியோ, குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் சமவெளி ஓடைகளின் மீன். இன்று உலக ஆய்வகங்களிலெல்லாம் வளர்வதற்கு அதன் தாங்கும் திறனும் ஒரு காரணம். ரோஸி பார்ப், ஜெயண்ட் டேனியோ, ராஸ்போரா ஆகியவையும் அப்படித்தான். உள்ளூர் மீனைத் தேடத் தொடங்கினால் ஏரிகள் காலியாகுமே என்ற அச்சம் பொய்யில்லை. மிஸ் கேரளா என்று பெயரெடுத்த டெனிசன் பார்ப், ஏற்றுமதிக்காக மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் அளவின்றிப் பிடிக்கப்பட்டு, இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. எனவே ஏரியில் வலை வீசுவது தீர்வாகாது, பண்ணையில் பெருக்குவதே தீர்வு. ஜீப்ராவும் ரோஸி பார்பும் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பெருகும். கொளத்தூர்ப் பண்ணைக்காரர்களின் கைக்கு இது பெரிய வேலையில்லை. ராஸ்போராவையும் முண்டக்கண்ணியையும் அதே வழியில் கொண்டுவர முடியும். எதிர்த் திசையிலும் ஒரு கதவை அடைக்க வேண்டும்: அலுத்துப்போன மீனை ஏரியில் விடுவது. கொசுவை ஒழிக்க 1928ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவும், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி உள்ளூர் மீன்களின் தீனியையும் இடத்தையும் பறித்துக்கொண்டிருக்கின்றன. கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகள் கழிவுநீரோடு போராடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சுமையையும் ஏற்றக் கூடாது.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாத காரியம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு அட்டை: இனத்தின் பெயர், தாங்கும் சூடு, குறைந்தபட்ச எண்ணிக்கை, உள்ளூர்ப் பண்ணையா வெளியிலிருந்து வந்ததா என்ற விவரம். கூட்ட மீனுக்கு ஜோடி விலைக்குப் பதில் பத்துக்கு ஒரு விலை. வியாபாரம் படுத்துவிடும் என்று தயங்குபவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: மூன்று வாரத்தில் மீன் செத்த வாடிக்கையாளர் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார், மூன்று ஆண்டு மீன் வாழும் வீட்டுக்காரர் தீனிக்கும் செடிக்கும் பில்டருக்கும் திரும்பத் திரும்ப வருகிறார். மாதவரத்தில் வளாகம் வைத்திருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகமும் மீன்வளத் துறையும் அந்த அட்டையைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். வாங்குகிறவர் செய்ய வேண்டியதும் உண்டு. அட்டை இல்லாவிட்டாலும் பெயரைக் கேட்க வேண்டும், பெயர் சொல்லத் தெரியாத மீனை விட்டுவிட வேண்டும், ஒரே இனத்தில் பத்து வாங்க இடமில்லாவிட்டால் அந்த இனமே வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டும். பத்துப் பேர் இப்படிக் கேட்கத் தொடங்கினால் கடை தானாகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும்.